பாகூர் வயலில் ஒரு கறை

சோரியாங்குப்பம்
14 ஜூலை 2024

அன்புள்ள ஜோஸ்பின் அத்தைக்கு,

உங்கள் அப்பாவின் பெயரைச் சுமந்து திரியும் சின்ன அந்தோணிசாமி எழுதுவது. இங்கே அப்பா சுகம், அம்மா சுகம். அப்பாவின் டாடா ஏஸ் வண்டிக்கு மட்டும் லேசாக மூச்சுத்திணறல். பிரான்சில் உங்களுக்கும் மாமாவுக்கும் உடம்பு எப்படி?

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று கேட்பீர்கள். போன் பறிபோனவன் எழுதுவான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தலைமையாசிரியர் படத்தை என் முகமாக வைத்துக்கொண்டு, ‘மழை வரும் என்று எனக்குத் தோன்றுவதால் நாளை விடுமுறை’ என்று போட்டேன். பாதி வகுப்பு வரவில்லை. மழையும் வரவில்லை. அப்பா வந்தார், பள்ளிக்கூடத்துக்கு. பிளஸ் டூ முடிகிறவரை போன் அவர் சட்டைப் பையில்தான். உங்கள் குரலைக் கேட்க வேண்டுமானால் நான் அவர் நெஞ்சில் காதை வைக்க வேண்டும். அவரோ உங்களிடம் ‘சாப்ட்டியா’வைத் தாண்டிப் பேசுவதில்லை. வீடியோவில் பேசினால் படம் உறைந்து உறைந்து நிற்கிறது, அம்மாவுக்கு உங்கள் உதடு பிடிபடுவதில்லை. எனவே நீங்களும் கடிதமே எழுதவும்.

நீங்கள் அனுப்பிய டிவிடி வட்டு வந்து சேர்ந்தது. நூறு வருடத்துப் பழைய ஊமைப்படங்களை அழுக்கெடுத்து வட்டில் போட்டு விற்கிற கம்பெனியில் நீங்கள் சேர்ந்ததிலிருந்து, அப்பா பாகூர் வரைக்கும் “எந்தங்கச்சி சினிமாவுல இருக்குது” என்று சொல்லித் திரிகிறார். படங்களைக் குளிப்பாட்டுகிற வேலை என்று நான் திருத்தினேன். அடி விழுந்தது.

ரயிலைத் தவறவிட்டு அதன் பின்னாலேயே ஊர் ஊராக ஓடும் மீசைக்காரர் படம் பிரமாதம். ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாப் படமும் அம்மாவுக்கு ஊமைப்படம்தான். சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனதால், நாங்கள் சிரித்த பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதே அவள் வழக்கம். இந்தப் படத்தில் அவள்தான் முதலில் சிரித்தாள். அப்பாவும் நானும் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தோம்.

இன்னொரு ஆச்சரியம். துறைமுகக் காட்சியில் மூட்டையோடு நிற்கிறாரே ஒரு கறுப்பு ஆள், அவர் மீசைக்காரரைப் பார்த்து “இன்னாடா இவன், பைத்தியமா?” என்கிறாராம். அம்மா உதட்டைப் பார்த்துச் சொன்னாள். நம்ம ஊர் ஆள் போலிருக்கிறது!

உங்கள் காய்ச்சல், இருமல், கவலை எல்லாம் ரயிலைத் தவறவிடட்டும் என்று வேண்டிக்கொண்டு,
சின்ன அந்தோணிசாமி

*

சார்செல்
6 ஆகஸ்ட் 2024

என் நைனாவுக்கு,

அப்பாவின் பெயரை உனக்கு வைத்துவிட்டார்கள். பெயரைச் சொல்லித் திட்டவும் முடியவில்லை. நாங்கள் இருவரும் சுகம். மாமாவுக்குக் காவல் வேலையில் கால்வலி. எனக்குக் கண்ணெரிச்சல், நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பதால்.

நீ எழுதியதைப் படித்து ரயிலிலேயே சிரித்தேன். அந்தத் துறைமுக ஆள் விஷயத்தை அலுவலகத்தில் சொன்னேன். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அண்ணிக்கு இப்படி ஒரு திறமை இருப்பதை இத்தனை வருடத்தில் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லும்போது பெருமையாக இருந்தது. அந்த ஆள் வேறு ஏதாவது சொல்கிறாரா என்று அண்ணியை மறுபடி பார்க்கச் சொல்.

என் வேலையைக் குளிப்பாட்டுவது என்றாயே, சரிதான். பழைய சுருளில் கீறல் இருக்கும், தூசி இருக்கும், பூஞ்சை பிடித்திருக்கும். ஒவ்வொரு படமாக நிறுத்தித் துடைக்க வேண்டும். அழுக்கை எடுக்கலாம், ஆளை எடுத்துவிடக் கூடாது. அவ்வளவுதான் வித்தை.

ஒரு நல்ல சேதி. அடுத்து எங்களுக்கு வந்திருக்கும் சுருள்களில் ஒன்று நம் பாகூர் வயலில் எடுத்தது! யாரோ ஒரு பிரெஞ்சு அதிகாரி அந்தக் காலத்தில் தன் கேமராவில் எடுத்து, அவர் வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. அதை நான் ஒருத்தியே முழுதாகச் செய்யும்படி மேலதிகாரி அம்மா கொடுத்திருக்கிறார். முதல் தடவையாக.

அண்ணன் வண்டிக்கும் சேர்த்து ஜெபம் செய்கிறேன்.
உன் அத்தை ஜோஸ்பின்

*

சோரியாங்குப்பம்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தைக்கு,

கண்ணெரிச்சலுக்கு விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடச் சொன்னாள் அம்மா. என் விஷயத்தில் எண்ணெய் இல்லாமலே விளக்கினாள்.

துறைமுக ஆள் ஒன்றும் சொல்லவில்லை, அத்தை. சொல்லியிருந்தாலும் அம்மாவுக்குத் தெரியாது. அது என் கைச்சரக்கு. நீங்கள் அலுவலகம் முழுக்கக் கொண்டுபோவீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உங்கள் கடிதத்தை அம்மா படித்துவிட்டு, முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு, “எம்பேர்ல பொய் சொல்லாதடா. எம்பேச்ச கேக்கறவங்களே நாலு பேரு. அதுலயும் நீ மண்ணள்ளிப் போடாத” என்றாள். முதுகு அன்றே சரியாகிவிட்டது. இது இன்னும் வலிக்கிறது.

பாகூர்ப் படத்தைக் காட்டுவீர்களா? என்மேல் கோபமென்றால் அம்மாவுக்காவது.

சேட்டையைக் குறைத்துக்கொண்டு வரும்,
அந்தோணிசாமி

*

சார்செல்
20 செப்டம்பர் 2024

நைனா,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அலுவலகத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை, சிரித்தார்கள். சிரித்ததுதான் ஒருமாதிரி இருந்தது. போகட்டும்.

இதோடு பாகூர்ச் சுருளின் வேலைப் பிரதியை அனுப்புகிறேன். இன்னும் விற்பனைக்கு வராதது, வெளியே யாருக்கும் காட்ட வேண்டாம். முதலில் வருவது எங்களுக்கு வந்த நிலை. அடுத்து வருவது நான் சுத்தம் செய்தது. ஜனவரி கடைசியில் வட்டு அச்சுக்குப் போகிறது.

ஆரம்பத்தில் வரும் எழுத்து ‘பாகூர் வயல்களில் மகிழ்ச்சியான பெண்கள்’ என்று சொல்கிறது. நடவு நடுகிறார்கள். ஒரு பெண் நாற்றுமுடியோடு வரப்பில் நின்று கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் மாராப்பின் மேல் ஒரு கருங்கறை இருக்கும். சுருள் முழுக்கப் பூஞ்சை, ஆனால் இதுபோல் எதுவும் படுத்தவில்லை. வரவரப் பெரிதாகிறது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்காதே. வேறு எதையும் தொடாமல் மூன்று வாரம் அதையே துடைத்தேன். கடைசியில், இருந்த இடமே தெரியாமல் எடுத்துவிட்டேன். மேலதிகாரி அம்மா எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அண்ணிக்குப் பிடித்திருக்கிறதா என்று எழுது. உண்மையாக.

மழைக்கு முன் கூரையைப் பார்த்துக்கொள்ளச் சொல் அண்ணனை.
ஜோஸ்பின்

*

சோரியாங்குப்பம்
13 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

அப்பாவுக்கு லேசாகச் சளி, வண்டி தேறிவிட்டது. ஒருவர் மாற்றி ஒருவர். நீங்கள் சுகமா?

இந்தக் கடிதத்தில் விளையாட்டு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. என்னைப் போன்றவன் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தோம். முதலில் அழுக்குப் படம். வரப்பில் அந்தப் பெண் வந்து நின்றதும் அப்பா, “ஏய், நம்ம ஏரிக்கரப் பக்கம்டா இது!” என்று குதித்தார். அம்மா ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். திரும்பப் போட்டாள். இன்னொரு முறை. இன்னும் ஒரு முறை. பிறகு வாய்விட்டே சொன்னாள். தன் குரல் கீச்சென்று வருமென்று வீட்டிலும் அவள் குரலெடுத்துப் பேசுவது குறைவு, உங்களுக்குத் தெரியும்.

“புள்ள அழுவுது.”

எந்தப் பிள்ளை என்று நான் வாசலைப் பார்த்தேன். அவள் திரையைத் தொட்டுக் காட்டினாள். நிற்கிற பெண்ணுக்குப் பின்னால், சேற்றிலிருந்து ஒரு வயதான பெண் நிமிர்ந்து இவளைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். அதைத்தான் அம்மா படித்தாள்.

“நூறு வருசத்துக்கு முந்தி செத்தவ பேசனது உனக்கு எப்பிடிடீ தெரியும்?” என்றார் அப்பா.

“மீதிப் பேரு பேசறது ஒண்ணும் தெரியல. பாதி பேருக்கு மொகமே தெரியல. இது தெரியுது.”

“அந்தப் பொண்ணு சிரிக்குதே?”

“தொர நிக்கச் சொல்லிருக்கான். நிக்குது. சிரிக்கச் சொல்லிருக்கான். சிரிக்குது. கண்ணப் பாரு, நம்மளயா பாக்குது?”

பார்த்தோம். கேமராவைப் பார்க்கிற மாதிரி இருக்கிறதே தவிர, கண் அடிக்கடி பக்கத்தில் போய்ப் போய் வருகிறது. அந்தப் பக்கம் படத்தில் இல்லை.

அத்தை, அடுத்தது உங்களுக்குப் பிடிக்காது. அந்தக் கறை அழுக்கில்லையாம். பால். கைக்குழந்தைக்காரிக்குப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் தானாக இறங்குமாம். நிற்க நிற்கத்தான் கறை பெரிதாகிறது. அவள் அசையாமல் நிற்பதால் அதுவும் ஒரே இடத்தில் நிற்கிறது, பூஞ்சை மாதிரி. ஆனால் கடைசியில் நாற்றுமுடியைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடுகிறாளே, அங்கே நிறுத்திப் பாருங்கள். கறையும் அவளோடு திரும்புகிறது. பூஞ்சை திரும்புமா?

பிறகு உங்கள் சுத்தமான படத்தைப் பார்த்தோம். பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அதில் அவள் ஏன் ஓடுகிறாள் என்று தெரியவில்லை. வேலைக்குக் கள்ளம் பண்ணி ஓடுகிற மாதிரி இருக்கிறது.

அந்தக் கறையைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று அம்மா கேட்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
அந்தோணிசாமி

*

சார்செல்
3 நவம்பர் 2024

அந்தோணிசாமி,

பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். அப்பா மன்னிப்பார்.

நாங்கள் சுகம். இதுவும் உன் கைச்சரக்கா? ஆமென்றால் இந்த விஷயத்தை வைத்து விளையாடாதே. நான் மூன்று வாரம் வேலை செய்திருக்கிறேன். நாற்பது பேர் கொண்ட அலுவலகத்தில் வயதான, வெளியூர்க்காரி நான். ஒருமுறை உன் பேச்சைக் கேட்டு அவர்கள் முன்னால் நின்றேன். இன்னொரு முறை நிற்க மாட்டேன்.

அண்ணி நிஜமாகவே சொல்லியிருந்தால், அவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். ப, ம எல்லாம் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும் என்கிறார்கள் இங்கே. வட்டு இப்போது இருக்கிறபடியே போகட்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.
ஜோஸ்பின்

*

சோரியாங்குப்பம்
24 நவம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

மழை விட்டபாடில்லை. பாகூர் ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது. நாங்கள் காய்ந்த துணி இல்லாமல் இருக்கிறோம். மற்றபடி சுகம். உங்கள் கால், கை, கோபம் எல்லாம் சுகமா?

என் முழுப் பெயரில் நீங்கள் எழுதியது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. அம்மாவிடம் காட்ட வேண்டாமென்றுதான் ஒளித்தேன். அரிசிப் பானைக்குள் ஒளித்தால் அம்மாதானே முதலில் பார்ப்பாள் என்கிற அறிவு எனக்கு இல்லை.

படித்தாள். கோபப்படவில்லை. மறுநாள் மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னாள். நான் இதுவரை கேட்காத ஒன்றைச் சொன்னாள். நீங்களும் அப்பாவும் எப்போதும் பேசாத ஒன்று. உங்களுக்கு எழுதலாமா என்று கேட்டேன், “எழுதிடு. அவளுக்குத் தெரியாததில்ல” என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதற்கு அடுத்த பக்கம் முழுக்க அதுதான். படிக்க வேண்டாமென்று தோன்றினால் அதை மட்டும் மடித்து வைத்துவிடுங்கள்.

“நீ பொறந்தப்ப உங்க அத்த தலப்பிரசவத்துக்கு இங்க வந்திருந்தா. நீ பொறந்த பத்து நாள்ல அவளுக்கும் பொறந்துச்சி. பொண்ணு. தங்கல. மூணாம் நாளே போயிடிச்சி. கல்லற தோட்டத்துல உங்க தாத்தா பக்கத்துல வச்சோம். பேரு வைக்கல, ஞானஸ்நானம் மட்டும் வீட்லயே குடுத்தாங்க.

அப்புறம் நீ அழுவுவ. எனக்குக் கேக்காது. தூளி ஆடறத கண்ணால பாத்தாத்தான் தெரியும். அடுப்பாண்ட இருந்தா அதுவும் தெரியாது. ஊர்ல எல்லாரும் என்னப் பாத்துச் சொன்ன ஒரே பேச்சு அதான்டா, ‘செல்லக்கண்ணு, புள்ள அழுவுது.’ ரெண்டு வருசம் வேற எதுவும் யாரும் சொல்லல. அது உதட்டுல எப்பிடி வருமுன்னு எனக்குத் தெரியாதா?

ஆனா யாரும் சொல்றதுக்கு முந்தியே எனக்குத் தெரியும். எப்பிடின்னா, உங்க அத்தயப் பாப்பன். எதிர்ல சொவுத்துல சாஞ்சி உக்காந்திருப்பா, எங்கியோ பாத்துக்கிட்டு. நீ அழுதா அவ சேல நனஞ்சிடும். அவ மூடுவா, முந்தானிய இழுத்து இழுத்து மூடுவா. நிக்காது. அதப் பாத்துதான் நான் எழுந்து ஓடுவன். அவ சேலதான்டா எனக்குக் காது.

ஒரு நாளு நான் தண்ணிக்குப் போய்ட்டன். வந்து பாக்கறன், உன்ன எடுத்து மடியில வச்சிருக்கா. என்னப் பாத்து பயந்துட்டா. நான் பேசாம எதிர்ல உக்காந்துக்கிட்டன். அன்னைலேந்து ரெண்டு பேரும் குடுத்தோம். மூணு மாசம். அப்புறம் பிரான்சுக்குப் போய்ட்டா.”

அவ்வளவுதான் அத்தை. நான் எப்போதும் ஏதாவது கிண்டல் வைத்திருப்பேனே, இன்று ஒன்றும் இல்லை. அம்மா கடைசியாகச் சொன்னது இது: “அந்தக் கறய நான் படத்துல கண்டுபிடிக்கல, ஜோஸ்பின்கிட்டதான் கண்டுபிடிச்சன்னு எழுது.”

உங்களுக்கு நேரமிருக்கும்போது பதில் போடவும்.
உங்கள் அந்தோணிசாமி

*

சார்செல்
19 டிசம்பர் 2024

என் நைனாவுக்கு,

சுகம். குளிர் ஆரம்பித்துவிட்டது. அண்ணியும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ மடித்து வைக்கச் சொன்ன பக்கத்தை மடிக்கவில்லை. படித்தேன். அதற்குப் பதில் எழுதாமல் விடுகிறேன். எழுதத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்.

வேலையைப் பற்றி எழுதுகிறேன். உன் கடிதம் வந்த மறுநாள் எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போனேன். தொடாத மூலப் பிரதியைத் திறந்து கடைசிப் பகுதியை ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். நாற்றுமுடி விழுகிறது. தோள் திரும்புகிறது. கறையும் திரும்புகிறது, துணியின் மடிப்போடு மடிந்து. பூஞ்சை அல்ல. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் அது: அழுக்கு படச்சட்டத்தோடு நிற்கும், ஆளோடு போகாது. எனக்கு அது தெரியாதா? தெரியும். நான் அந்தக் கடைசிப் பகுதியைக் கறையைத் துடைத்து முடித்த பிறகுதான் ஓட்டிப் பார்த்தேன். எடுக்காமல் பார்க்கவேயில்லை.

மேலதிகாரி அம்மாவிடம் சொன்னேன். அவர் கெட்டவரல்ல. நீ சொல்வது சரியாகவே இருக்கட்டும், ஆனால் வட்டை வாங்குகிறவருக்கு அது தெரியாதே என்றார். இவ்வளவு விலை கொடுத்தும் ஒரு பெண் மேல் இவ்வளவு பெரிய அழுக்கை விட்டுவிட்டார்களே என்று எழுதுவார்கள், கம்பெனியின் பெயர் போகும் என்றார். ஆரம்பத்தில் வருகிற ‘மகிழ்ச்சியான பெண்கள்’ பொய்தானே, அதை மட்டும் ஏன் வைத்திருக்கிறோம் என்று கேட்டேன். அது படத்தில் இருந்தது, அதைத் தொட நமக்கு உரிமை இல்லை என்றார். கறையும் படத்தில் இருந்தது என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அந்தக் காட்சியை மறுபடி ஆரம்பத்திலிருந்து செய்து வைத்திருக்கிறேன், கறையை மட்டும் தொடாமல். இரண்டும் அவர் மேசையில் இருக்கின்றன. எது அச்சுக்குப் போகும் என்று தெரியாது.

கிறிஸ்துமசுக்குப் புதுச்சட்டை எடுத்தார்களா உனக்கு? கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவுக்கு மெழுகுவர்த்தி வைக்கும்போது, பக்கத்திலும் ஒன்று வை.

அத்தை

*

சோரியாங்குப்பம்
12 ஜனவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் சுகம், கரும்பு தின்று எனக்கு நாக்கு மட்டும் சுகமில்லை. பேச்சு குறைந்திருக்கிறது என்று வீட்டில் திருவிழா.

புதுச்சட்டை எடுத்தார்கள். காலர் இரண்டு கழுத்துக்குப் போதும், வளருவானாம். மெழுகுவர்த்தி இரண்டும் வைத்தோம். அம்மா அந்த இடத்துப் புல்லைச் செதுக்கிவிட்டாள். காற்றில் தாத்தாவுடையது அணைந்து அணைந்து போனது, பக்கத்தில் வைத்தது நின்று எரிந்தது. இது என் கைச்சரக்கு இல்லை, அப்பாவும் பார்த்தார்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டில் சண்டை. அப்பா, “ஒரு கறைக்காவ அவ எதுக்கு மேலதிகாரிகிட்ட மல்லுக்கு நிக்கணும்? அங்க போயி எவ்ளோ கஷ்டப்பட்டு இந்த வேலைய புடிச்சா!” என்றார். அம்மாவும் தலையாட்டினாள். அதுதான் எனக்கு அதிர்ச்சி. “நான் சொன்னது அவளுக்குப் போய்ச் சேந்துடுச்சி. அது போதும். வேலைக்கு ஆபத்துன்னா வுட்றச் சொல்லு” என்றாள்.

எனக்குப் போதாது. நீங்கள் விட்டுவிட்டால் அந்தப் பெண் இனி எப்போதும் சும்மா ஓடிக்கொண்டிருப்பாள். பார்க்கிறவனெல்லாம் சோம்பேறி என்பான். என்னால் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு சிரிப்பு கிடைத்தது, இன்னொன்று கிடைத்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. இரண்டையும் எழுதிவிட்டேன். நீங்கள்தான் பெரியவர்.

பொங்கல் பானை உங்கள் பங்கும் சேர்த்துப் பொங்கட்டும்.
அந்தோணிசாமி

*

சார்செல்
20 பிப்ரவரி 2025

நைனா,

மாமாவுக்குக் கால்வலி பரவாயில்லை. எனக்குத் தூக்கம் வருகிறது, ரொம்ப நாளைக்குப் பிறகு.

விற்பனைக்கு வருவதற்கு முன்பே ஒரு வட்டை உங்களுக்கு அனுப்புகிறேன். முடிவை வட்டிலேயே பாருங்கள். மேலதிகாரி அம்மா ஒரு வழி சொன்னார்: கறையோடு போடுவதென்றால், வட்டோடு வரும் சிறு புத்தகத்தில் அது என்னவென்று நான் ஒரு குறிப்பு எழுத வேண்டும். இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். எழுதினால் அந்தப் பெண்ணை இன்னொரு முறை வரப்பில் நிற்க வைத்து எல்லோருக்கும் காட்டுவது போல இருந்தது. குறிப்பு வேண்டாம், பார்க்கிறவர்கள் கண்ணை நம்புவோம் என்றேன். தப்பானால் பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இங்கே பார்த்த சிலர் இன்னும் அழுக்கு என்றுதான் நினைக்கிறார்கள். ஒருவர், வேலை பாதியில் நின்றுவிட்டதா என்று கேட்டார். ஆகவே எனக்கு ஒன்று தெரிய வேண்டும். ஒன்றும் சொல்லாமல் யாருக்காவது போட்டுக் காட்டு. நீ வாயைத் திறக்கக் கூடாது. அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அப்படியே எழுது. அழுக்கு என்றாலும் அழுக்கு என்றே எழுது.

அண்ணிக்கு என் முத்தங்கள்.
ஜோஸ்பின்

*

சோரியாங்குப்பம்
16 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் என்பதால் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி இல்லை, கறை மட்டும் உண்டு. எல்லோரும் சுகம். நீங்கள் தூங்குகிறீர்கள் என்று படித்ததும் அம்மா உங்கள் கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

நேற்று சாயங்காலம் போட்டோம். அப்பாவின் வாயை அடைப்பது என்னை அடைப்பதைவிடச் சிரமம், ஆகவே அவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து மூலையில் உட்கார வைத்தேன். பார்வையாளர் இரண்டு பேர். அப்பாவோடு லோடு ஏற்றும் வீரமணி அண்ணன், பக்கத்து வீட்டு ஜெயா அக்கா. ஜெயா அக்காவுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை, அதைத் தன் மாமியாரிடம் தூங்கப் போட்டுவிட்டு வந்திருந்தாள். இருவருக்கும் கறை விஷயம் தெரியாது. சத்தியமாக நான் வாயைத் திறக்கவில்லை. நாக்கை உள்ளங்கையில் பிடித்து வைத்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடவு வந்தது. வரப்பு வந்தது. அவள் வந்து நின்றாள். உங்கள் வேலையால் ஒவ்வொரு நாற்றும் தனித்தனியாகத் தெரிகிறது, அத்தை. காதில் போட்டிருக்கும் ஓலைச்சுருள்கூடத் தெரிகிறது. மாராப்பில் கறை இருந்தது. இருந்தது! நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா பழத்தை உரிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீரமணி அண்ணன்தான் முதலில் பேசினார். “இன்னாப்பா, எல்லாத்தயும் பளபளன்னு பண்ணிட்டு அந்தப் பொண்ணு மேல மட்டும் அழுக்க வுட்டுட்டாங்க? உன் தங்கச்சி அன்னைக்கு லீவா?”

அழுக்கு என்றாலும் அழுக்கு என்றே எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

ஜெயா அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கறை பெரிதாக ஆரம்பித்ததும் அவள் கை தானாகத் தன் முந்தானைக்குப் போயிற்று. பிறகு வீரமணி அண்ணன் தோளில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

“அழுக்கா அது? கண்ணு இருக்குதா உனக்கு? பால்ணே! எங்கியோ புள்ள அழுவுது. புள்ளய அழவுட்டுட்டு இவள நிக்க வச்சிக்கிட்டு இன்னா படம் வேண்டிக்கெடக்குது? ஏய், போம்மா! அவன் கெடக்கறான், நீ போ!”

திரையைப் பார்த்துத்தான் கத்தினாள். அப்போதுதான் அந்தப் பெண் நாற்றுமுடியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஜெயா அக்கா “அப்பாடா” என்றாள். வீரமணி அண்ணன் ரிமோட்டைக் கேட்டு வாங்கி, மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். படம் முடிவதற்குள் ஜெயா அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள், குழந்தை தூங்குகிறதா என்று பார்க்க.

அம்மா இந்தத் தடவை படத்தையே பார்க்கவில்லை, அத்தை. நான் கவனித்தேன். ஆரம்பத்திலிருந்து ஜெயா அக்காவின் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகு என் தோளைத் தட்டி, வாய்விட்டே சொன்னாள்.

“எழுதுடா உங்க அத்தைக்கு. ஜெயா சொல்லிட்டா.”

எழுதிவிட்டேன்.

இரண்டு தாய்க்கும் பிள்ளையான,
சின்ன அந்தோணிசாமி